தலைப்பில்லாமல் மாட்டிய படங்கள்

அடிவானம், பொருளின் விளிம்பு, அளவு தெரிந்த ஏதாவது ஒரு பண்டம். இந்த மூன்றையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் எந்தப் படமும் அரூபமாகிவிடும். உள்ளங்கை அகலத் தகரமும் விமானத்திலிருந்து பார்த்த தீவும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்குவது அப்போதுதான். கமராவால் செய்யக்கூடியது அவ்வளவுதான். மிச்ச வேலை பார்க்கிறவரிடம் நடக்கிறது. அந்த மிச்ச வேலையைக் கிட்ட நின்று பார்க்க விரும்பித்தான் இந்தப் படங்களை எடுத்து, அச்சிட்டு, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைச் சுவரில் தலைப்பு எதுவும் இல்லாமல் மாட்டினேன்.

கலைக்கூடம் ஒன்றில் மாட்டாமல் வாசிகசாலையைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. கலைக்கூடத்துக்கு வருகிறவர்கள் கலை பார்க்கவென்று ஆயத்தமாகி வருவார்கள். வாசிகசாலைக்கு வருகிறவர்கள் பேப்பர் பார்க்க வருகிறார்கள். காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தோட்டத்துக்குத் தண்ணி மாறிவிட்டு வருகிறவர்கள், கடலால் வந்து வலையைக் காயவிட்டுவிட்டு வருகிறவர்கள். பின்னேரத்தில் ரியூசன் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போக வரும் தாய்மார். இவர்களில் ஒருவரும் அரூபப் படம் பார்க்கவென்று வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் இல்லை. அவர்கள் சொல்வதைத்தான் நான் கேட்க விரும்பினேன்.

எடுத்த விதம்

கோட்டை மதிலில் தொடங்கினேன். யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கீசர் கட்டியது. 1658 இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். மதிலில் பெரும்பகுதி முருகைக்கல். கிட்டப்போய்ப் பார்த்தால் பவள உயிர்கள் குடியிருந்த குழிகள் ஒவ்வொரு கல்லிலும் வரிசை வரிசையாகத் தெரியும். அந்தக் குழிகளில் ஒரு சாண் அகலத்தை மட்டும் சட்டகம் நிறைய எடுத்தேன்.

இப்படியான பரப்புக்குச் சாய்ந்த வெளிச்சம் வேண்டும். நேராக விழும் வெளிச்சத்தில் குழியும் மேடும் ஒன்றாகிவிடும். நிலத்தில் கிடக்கிற பொருள் என்றால் விடிந்த கையோடு எடுக்கலாம். நிமிர்ந்து நிற்கிற சுவருக்கு நல்ல நேரம் நண்பகல். போட்டோ எடுக்கக்கூடாத நேரம் என்று எல்லோரும் சொல்கிற அந்த நேரத்தில்தான் வெளிச்சம் சுவரை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும். யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுப்பது ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் எங்கள் கடிகாரத்தில் 12 மணி 10 நிமிடத்தை ஒட்டி அது நடக்கும். நிழல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ட்ரைபொட்டை முன்கூட்டியே நிறுத்தி, சுவருக்கும் கமராவின் முதுகுக்கும் இடைவெளி நாலு மூலையிலும் சமமா என்று நாடா பிடித்துப் பார்த்துவைக்க வேண்டும். 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், எஃப் 11, ஐஎஸ்ஓ 100.

அடுத்தது தகரம். வீட்டுப் பின்பக்கக் கொட்டிலில் இருந்து கழற்றிப்போட்ட கூரைத் தகரம் அது. ஒரு காலத்தில் நீலப் பெயின்ற் அடித்தது. இப்போது நீலத்துக்கும் துருவுக்கும் இடையில் கரையோரம்போல ஒரு கோடு நெளிந்து ஓடுகிறது. ஆணி கழன்ற துளைகளும் துரு தின்ற துளைகளும் அங்கங்கே. அதைத் தூக்கிச் சாய்த்து, துளைகளுக்குப் பின்னால் வானம் வரும்படி வைத்து எடுத்தேன். படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாக விழுந்திருக்கின்றன.

பிறகு பனாட்டு. இதை எடுக்கத்தான் நான் அதிகம் மினக்கெட்டேன், மினக்கெட்டதற்கு மேலாகவே பலன் கிடைத்தது. பனங்களியைப் பாயில் ஊற்றி, காய்ந்ததற்கு மேல் மறுபடி ஊற்றி, படை படையாக வெயிலில் காயவிட்டு எடுப்பது என்பதால் பனாட்டுத் தகட்டின் அடிப்பக்கத்தில் பாயின் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். அதை யன்னல் கண்ணாடியில் ஒட்டிய ட்ரேசிங் தாளுக்கு முன்னால் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வரும். தடித்த இடம் கறுப்புக்குக் கிட்டிய மண்ணிறம், மெல்லிய இடம் தேன் நிறம், நடுவில் தும்புகள் நரம்பு நரம்பாக. கமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை இந்தச் செம்மஞ்சளைக் கண்டதும் அதைக் குறைத்து நீலத்தை ஏற்றப் பார்க்கும். அதை நிறுத்திவிட்டு டேலைட்டில் வைக்க வேண்டும். நல்ல பழைய பனாட்டு கிடைப்பது இப்போது சுலபமில்லை. கிடைத்த துண்டு வடமராட்சியில் சொந்தக்காரர் வீட்டில் பானைக்குள் இருந்தது.

பண்ணைப் பாலத்தடியில் தண்ணீர். ஆழமில்லாத பரவைக்கடலில் நண்பகல் வெயில் அலையால் வளைந்து அடித்தரையில் வெளிச்ச வலையாக விழும். அதை உறையவைக்க 1/500 செக்கன் வேண்டும். வானத்தின் பிரதிபலிப்பு மேற்பரப்பை மூடிவிடாமல் இருக்க பொலரைசர் வேண்டும். இதற்கு நேர்மாறானது மழைத்தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம். வள்ளங்கள் கட்டும் இடத்தில் தார் வீதிக் குழியொன்றில் அதை எடுத்தேன். அங்கே பொலரைசரைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நிறங்களே பிரதிபலிப்புத்தான். படலத்தின் மேல் முகத்திலும் கீழ் முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களைத் தூக்குகிறது, சிலவற்றை அணைக்கிறது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்பு மாறும்போது நிறமும் மாறுகிறது. மேலே மப்பு வானம், கீழே கறுத்த தார் என்றிருந்தால் நிறம் நன்றாக எழும்பும்.

கடைசியாகச் செம்மணி வெளியில் கோடையில் வெடித்த சேற்று நிலம். கமராவை நிலத்துக்குச் சமாந்தரமாகத் தலைக்கு மேல் பிடித்து எடுத்த, ஒரே மாதிரியான வெடிப்புகள் நிறைந்த படம். இதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எடுத்தும் மாட்டாமல் விட்ட தொகுதி ஒன்றும் உண்டு. 1917 இல் லண்டனில் அல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டி அதனூடாகப் படம் எடுத்தார். பொருளை அடையாளம் தெரியாமல் உடைப்பதையே நோக்கமாகக் கொண்டு எடுத்த முதல் ஒளிப்படங்களில் அவை எண்ணப்படுகின்றன. கண்ணாடிக் கடையில் மூன்று பட்டைகள் வெட்டுவித்து, முகங்கள் உள்ளே பார்க்க நாடாவால் சுற்றி, லென்ஸுக்கு முன்னால் பிடித்து நானும் அப்படி எடுத்தேன். வலை, பனை மட்டை, சைக்கிள் சில்லு என்று எதை எடுத்தாலும் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வீட்டில் காட்டியபோது எல்லோரும் சொன்னது கோலம், இல்லாவிட்டால் யந்திரத் தகடு. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார். சமச்சீர் வந்துவிட்டால் கண் உடனே ஒரு நடுப்புள்ளியைப் பிடித்துக்கொள்கிறது, பிறகு அங்கிருந்து அசைவதில்லை. மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921 இல் வெளியிட்ட பத்து மைக்கறைப் படங்களும் இரு பக்கமும் ஒத்தவை. வௌவால், முகம், இடுப்பெலும்பு என்று உடனே ஏதாவது தோன்றுவதற்கு அந்த ஒத்த தன்மையும் துணைபோகிறது. எனக்கு வேண்டியது ஆளுக்கு ஆள் வேறு வழியில் நடக்கக்கூடிய படங்கள். அதனால் கண்ணாடிப் படங்களை ஒதுக்கிவிட்டேன்.

அச்சும் மாட்டலும்

12 க்கு 18 அங்குலம். 24 மெகாபிக்சல் கமராவின் முழுப் படம் இந்த அளவில் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் தரும், அதற்கு மேல் தேவையில்லை. லாபில் சொல்லவேண்டியவை மூன்று. மினுங்கும் தாள் வேண்டாம், மற் தாள் வேண்டும், ஏனென்றால் வாசிகசாலை யன்னல்கள் எல்லாம் மினுங்கும் தாளில் தெரியும். தானியங்கி நிறத் திருத்தம் வேண்டாம், அது மனித முகத்தையும் வானத்தையும் தேடிப் பழகியது, பனாட்டின் நிறத்தைப் பழுது என்று நினைத்துச் சரிப்படுத்திவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெட்டிய கையோடு ஒவ்வொன்றின் முதுகிலும் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போடவேண்டும். அரூபப் படத்தில் மேல் கீழ் தெரிவதற்கு வேறு அடையாளம் இல்லை.

போம் போர்ட்டில் ஒட்டி, நைலோன் கயிற்றில் கிளிப்பால் தொங்கவிட்டேன். இரட்டைப்பக்க நாடா எங்கள் மாரிக் காற்றின் ஈரத்துக்கு நிற்காது. உயரம் முக்கியம். கலைக்கூடங்களில் படத்தின் நடு நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் வரை இருக்கும், நிற்கிறவரின் கண் மட்டம் அது. வாசிகசாலையில் ஆட்கள் வாங்கில் இருக்கிறார்கள். 120 சென்ரிமீற்றருக்கு இறக்கினேன். பிள்ளைகளுக்கும் அது வசதி.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் கொப்பித் தாளில் வெட்டிய துண்டுகள், ஒரு பென்சில், ஒரு பிஸ்கட் பெட்டி. பெயர் வேண்டாம், வயதும் செய்கிற தொழிலும் போதும் என்று எழுதி வைத்தேன்.

துண்டில் அச்சிட்ட கேள்வி முதலில் "இது என்ன?" என்றுதான் இருந்தது. அந்தக் கேள்வியை முதலில் வைப்பதென்றும், பிறகு மாற்றுவதென்றும் முன்பே தீர்மானித்திருந்தேன். அது சுவரில் நின்ற காலத்தில் பெட்டிக்குள் விழுந்தவை எல்லாம் ஒரு சொல் விடைகள். துரு. கல். தண்ணி. தேன். சிலர் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்னிடம் வந்து சரியா பிழையா என்று கேட்டார்கள். பெரியவர்கள் விடை தெரியாமல் மாட்டுப்பட விரும்பாமல் துண்டை எடுக்கவே இல்லை.

அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தேன்: "முதலில் உங்கள் கண் எங்கே போனது? அங்கிருந்து எங்கே போனது? போன இடத்தில் என்ன நினைவு வந்தது?" துண்டுகள் நிரம்பத் தொடங்கின. தாளின் மற்றப் பக்கத்திலும் எழுதினார்கள். சோவியத் ரஷ்யாவில் அல்ஃப்ரெட் யார்பஸ் என்ற ஆய்வாளர் ஒரே ஓவியத்தை ஒரே ஆளுக்குக் காட்டி, ஒவ்வொரு தடவையும் வேறு கேள்வி கேட்டு, கண் ஓடிய தடத்தைப் பதிவுசெய்திருக்கிறார். 1960களில் வந்த அவருடைய நூலில் அந்தத் தடங்கள் இருக்கின்றன. இவர்களின் வயது என்ன என்று கேட்டால் கண் முகங்களைச் சுற்றுகிறது, வசதி எப்படி என்று கேட்டால் உடையிலும் தளபாடத்திலும் மேய்கிறது. கேள்வி மாறினால் பார்வையின் பாதையே மாறுகிறது. வாசிகசாலையில் நான் கண்டதும் இதுதான், கருவி எதுவும் இல்லாமல். அரூபப் படத்தை மக்களுக்கு விளங்காது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் "இது என்ன?" என்ற கேள்வியை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் பள்ளிக்கூடங்கள் கொடுத்திருக்கும் பயிற்சி பயப்படுவதற்கான பயிற்சி.

வந்த வாசிப்புகள்

தகரத்தைப் பிள்ளைகள் உலக வரைபடம் என்றார்கள். ஒரு பிள்ளை எந்தக் கண்டம் எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டியது. செவ்வாய்க் கிரகம் என்று எழுதியவர்களும் உண்டு. இரும்பு ஒட்டு வேலை செய்கிற அண்ணை ஒருவர் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு வாயாலேயே சொன்னார்: "உது குப்புறக் கிடந்த தகரம் தம்பி. நெளிவுக்க தண்ணி நிண்டிருக்கு. கன மாரி கண்டிருக்கு." அவர் சொன்னது அச்சொட்டாகச் சரி. கொட்டில் சரிந்த பிறகு அந்தத் தகரம் குப்புறத்தான் கிடந்தது. எனக்குக் கரையோரக் கோடாகத் தெரிந்த அந்த நெளிவு, அவருக்குத் தண்ணீர் நின்ற மட்டம்.

அதே படத்துக்கு முன்னால் ஒரு அம்மா நெடுநேரம் நின்றார். அவருடைய கண் துருவில் நிற்கவில்லை, வெள்ளைப் புள்ளிகளுக்குத்தான் போனது. "செல்லுக்கு ஓட்டை விழுந்த கூரை. படுத்திருந்து பாத்தா விடியவில உப்பிடித்தான் வெளிச்சம் புள்ளி புள்ளியா நிக்கும்" என்றார். 1995 ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவரும் நடந்தவர். திரும்பி வந்தபோது வீட்டுக் கூரை அப்படி இருந்ததாம்.

அவை ஆணியும் துருவும் போட்ட துளைகள் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் தகரத்தின் வரலாற்றைப் பற்றிப் பேசவில்லை. கீழே படுத்திருந்து மேலே பார்க்கிற ஒருவருக்கு அந்த வெளிச்சம் எப்படித் தெரியும் என்பதைச் சொன்னார், அது படத்தில் இருக்கிறது. ஒட்டுவேலைக்காரருக்குத் தகரம் தெரிந்தது, அந்த அம்மாவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இரண்டையும் நான் சட்டகத்துக்குள் வைத்திருக்கிறேன், ஒன்றை மட்டும் அறிந்துகொண்டு.

தண்ணீர்ப் படத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்தது கண்ணாடி விரிசல். ஒரு தாய்க்குச் சீலைக் கரை. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் நரம்புக் கலம் என்று எழுதி, பாகங்களுக்குப் பெயரும் குறித்திருந்தார். கடற்றொழில் செய்கிற ஐயா ஒருவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "முழங்கால் தண்ணி. சோளகம் பிடிச்சிருக்கு, ஆனா பெலமில்லை. சேறு கிளம்பேல்ல, விடிய இஞ்ச ஒருத்தரும் இறங்கேல்ல." சோளகக் காற்றை அலையின் இடைவெளியையும் அது சாய்ந்த பக்கத்தையும் வைத்துச் சொன்னார். மூலையில் கறுப்பாகக் கிடந்ததைக் காட்டி சாதாளை என்றார். அதை நான் நிழல் என்றே நினைத்திருந்தேன், கொம்பியூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது இலை இலையாகத் தெரிந்தது. அரூபம் என்பது எல்லோருக்கும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை. அந்த ஐயாவுக்கு அந்தப் படத்தில் அரூபமே கிடையாது.

பனாட்டில் நடந்தது இன்னும் ஆழமானது. வெளிநாட்டில் பிறந்து விடுமுறைக்கு வந்திருந்த பொடியன் ஒருவன் தேவாலயத்து நிறக் கண்ணாடி என்றான். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அக்கா எரிகாயம் ஆறிவருகிற தோல் என்று எழுதி, "பார்க்கக் கஷ்டமாக இல்லை, ஆறுகிறது" என்றும் சேர்த்திருந்தார். பலர் தோல், மண், தேன் என்றார்கள். எழுபது தாண்டிய ஆச்சி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி, தாளின் மேல் விரலால் கோடுகளுக்குக் குறுக்காக ஒரு தடவை இழுத்தார். "பாய் அடையாளம்" என்றார். பிறகு விரலை மூக்கடியில் கொண்டுபோனார். தாளில் மணம் இல்லை. ஆனாலும் பனம்பழம் பொறுக்கிய வளவு, பந்தல் கட்டிய இடம், காகம் விரட்ட வைத்த சிறுமி யார் என்பதெல்லாம் அடுத்தடுத்து வந்தன. விளிம்பில்லாத, அளவில்லாத ஒரு படத்தை அவருக்கு அடையாளம் காட்டியது விரலுக்குத் தெரிந்த அந்தப் பின்னல். எங்கள் ஊரில் பார்வை என்பது கண்ணோடு முடிகிற விஷயம் இல்லை என்று அன்றைக்கு எனக்குத் திடமாகப் பட்டது. தொட வேண்டாம் என்று எழுதி வைக்காதது நல்லதாகப் போயிற்று.

எண்ணெய்ப் படலத்தைப் பிள்ளைகள் மயில் என்று கொண்டாடினார்கள். சுன்னாகம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் அதை வடிவு என்று சொல்ல மறுத்துவிட்டார். 2014, 2015 இல் அந்தப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த காலத்தில் வாளித் தண்ணீரில் இந்த நிறங்களைத்தான் பார்த்துப் பார்த்து ஊற்றினோம் என்றார். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் கவர்ச்சியை நான் நம்புவதில்லை. நல்ல படம்தான், ஆனால் சுவரில் அது தனியாக நிற்கக்கூடாது.

பக்கத்தில் எது நிற்கிறது என்பதும் சும்மா இல்லை. தகரத்தை வெடித்த சேற்றுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தபோது துண்டுகளில் வரட்சி, வெயில், காய்ந்த குளம் என்ற சொற்கள் வந்தன. தண்ணீருக்குப் பக்கத்தில் மாற்றிய பிறகு தீவு, கரை, வரைபடம் என்று வந்தன. தலைப்பில்லாத படத்துக்குப் பக்கத்துப் படமே தலைப்பாகிவிடுகிறது.

ஆசிரியர் ஒருவர் இது வெள்ளைக்காரனுடைய விளையாட்டு, எங்களுக்கு எதற்கு என்று கேட்டார். நல்ல கேள்வி, கோபத்தோடு கேட்டதும் இல்லை. கொழும்பில் 1900 இல் பிறந்து 1944 இல் இறந்த லயனல் வென்ட் 1930களிலேயே கமரா இல்லாமல் தாளில் பொருளை வைத்து ஒளிபாய்ச்சிய படங்களும், இருட்டறையில் ஒளியும் நிழலும் தலைகீழாகும்படி செய்த படங்களும் ஆக்கியிருக்கிறார் என்று சொன்னேன். அதைவிட, கோலம் போடுகிற, கிடுகு பின்னுகிற ஊருக்கு உருவமில்லாத வடிவம் புதிதில்லை. அவர் ஒத்துக்கொண்டாரோ தெரியாது, ஆனால் மதில் படத்துக்கு முன்னால் வாங்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

மதில் படத்தில் ஒரு சோதனை வைத்திருந்தேன். இரண்டு பிரதிகள் அச்சிட்டு, ஒன்றைச் சரியாகவும் மற்றதைத் தலைகீழாகவும் அருகருகே மாட்டினேன். சரியான பிரதியில் குழிகள் குழிகளாகத் தெரியும். தலைகீழ்ப் பிரதியில் அதே குழிகள் கொப்புளங்களாகப் புடைத்து நிற்கும். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொண்டு நிழலை வாசிப்பதால் வரும் மாற்றம் இது. டேவிட் புரூஸ்டர் என்ற விஞ்ஞானி 1826 இலேயே செதுக்குச் சித்திரங்களை வைத்து இதைப்பற்றி எழுதியிருக்கிறார். நிலாவின் பள்ளங்களைப் படத்தில் திருப்பிப் பார்த்தாலும் இதுவே நடக்கும். இரண்டும் ஒரே படம் என்று நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. கழற்றிக் கையில் கொடுத்தேன். திருப்பத் திருப்பப் பள்ளம் மேடாகிறதைப் பார்த்து வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி வந்துவிட்டார்கள். அதுவரைக்கும் ஒருவரை ஒருவர் "உனக்குப் பிழையாத் தெரியுது" என்று திருத்திக்கொண்டிருந்த ஆட்கள், அதற்குப் பிறகு அப்படிச் சொல்வது குறைந்தது. தன்னுடைய கண்ணே தனக்குள் இரண்டு விதமாகப் பார்ப்பதைக் கண்டவர் மற்றவரின் பார்வைக்கு இடம் கொடுக்கிறார். இனி எங்கே மாட்டினாலும் இந்தச் சோடியைத்தான் வாசலில் வைப்பேன்.

தலைப்பு

வெடித்த சேற்றுக்குப் பிள்ளைகள் எழுதியவை ஒட்டகச்சிவிங்கித் தோல், முதலை, உடைந்த தட்டு, கேக். தோட்டக்காரர் ஒருவர் உவர் ஏறின மண் என்றார், வெடிப்பின் ஓரத்து வெள்ளையைக் காட்டி. எல்லாம் இயல்பாக வந்த வாசிப்புகள். பிறகு, முன்பே நினைத்திருந்தபடி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன பொருள், எங்கே எடுத்தது என்று ஒரு சின்ன அட்டை வைத்தேன். இந்தப் படத்துக்கு வைத்த அட்டையில் இருந்தது: "சேறு. செம்மணி வெளி."

செம்மணி என்ற பெயரை யாழ்ப்பாணத்தில் யாரும் வெறும் ஊர்ப்பெயராக வாசிப்பதில்லை. அங்கே பலர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று 1998 இல் படைச்சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னதைத் தொடர்ந்து 1999 இல் அங்கே தோண்டி 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி அகழ்வு நடந்து மேலும் மேலும் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. நான் படம் எடுத்த இடம் அந்த மயானம் இல்லை, வெளியின் வேறொரு பக்கம். ஆனாலும் அட்டை வைத்த பிறகு ஒட்டகச்சிவிங்கி என்று எவரும் எழுதவில்லை. படத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. ஒரு பெயர் சேர்ந்தது, அவ்வளவுதான். ஒரு அம்மா துண்டில் ஒன்றும் எழுதாமல், படத்தைக் காட்டி, "உதைக் கொஞ்சம் மேல மாட்டுங்கோ தம்பி, ஆக்களின்ர காலடியில இருக்குது" என்றார். வாங்கில் இருக்கிறவர்களுக்காக நான் இறக்கிய உயரம் அவருக்குப் பொறுக்கவில்லை. உடனே ஏற்றினேன்.

அந்த அட்டையை வைத்திருக்கவேண்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். வைக்காமல் விட்டால் பொருளை மறைக்கிறோம், வைத்தால் பார்வையை ஒரே வழியில் தள்ளுகிறோம். 1920களில் அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் முகில்களை மட்டும் எடுத்து, அவை தன் மனநிலைக்கு ஈடானவை என்று பெயர் வைத்தார். எடுத்தவரின் உணர்வு படத்தின் வழியாகப் பார்க்கிறவரிடம் போய்ச் சேரும் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. வாசிகசாலையில் நான் கண்டது அப்படியில்லை. நான் செம்மணி வெளியில் அந்த வெடிப்புகளை எடுத்தபோது என்ன உணர்ந்தேனோ அது ஒரு துண்டிலும் வரவில்லை, இடத்தின் பெயர் சேரும்வரை. உணர்வைப் படம் தனியாகக் காவுவதில்லை. பெயரும் ஊரும் சேர்ந்துதான் காவுகின்றன.

என் முடிவு வரிசைதான். முதலில் பெயரில்லாமல் இருக்க வேண்டும், பார்ப்பவர் தன் வாசிப்பை எழுதி முடிக்கட்டும். பிறகு அட்டை வரவேண்டும், வந்தே ஆகவேண்டும். ஒட்டகச்சிவிங்கி என்று எழுதிய பிள்ளை பிழை செய்யவில்லை, ஆனால் அது எந்த மண் என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவதற்கு எனக்கு உரிமை இல்லை. அரூபம் என்ற பெயரில் இடத்தையும் வரலாற்றையும் அழகாகத் துடைத்துவிடுவது சுலபம். யாழ்ப்பாணத்தில் இருந்து படம் எடுக்கிறவர் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தகரத்தின் அட்டையில் "கூரைத் தகரம், ஆணித் துளைகள்" என்று எழுதவேண்டி வந்தபோது அந்த அம்மாவை நினைத்து, "கூரைத் தகரம், எங்கள் வீட்டுக் கொட்டில்" என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. அவருடைய வெளிச்சத்தை அணைக்கவும் இல்லை.

அடுத்த சுற்றுக்கு இந்தப் படங்கள் கடற்கரையில் வலை பொத்துகிற கொட்டிலுக்குப் போகின்றன. அங்கே தாளும் பென்சிலும் சரிவராது, கை எப்போதும் வேலையில் இருக்கும். பேசுவதை ஃபோனில் பதிவுசெய்ய ஒவ்வொருவரிடமும் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், பதிவில் பெயர் வரக்கூடாது. உப்புக்காற்றுக்கு மற் தாள் கெதியில் சுருளும் என்பதால் போம் போர்ட்டின் நாலு பக்கமும் நாடா சுற்றி அடைக்கிறேன். மதில் சோடியின் முதுகில் அம்புக்குறியை அழித்துவிட்டேன், யாரும் எப்படியும் மாட்டலாம். செம்மணிப் படம் கண் மட்டத்துக்கு மேலே தொங்கும். அதற்கென்று தனியாக நீளமான கயிறு வெட்டி வைத்திருக்கிறேன்.